ஐம்பது பைட்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் அந்த எலும்பு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்ற பேச்சு வந்தால் வளர்மதியைத்தான் கூப்பிடுவார்கள். பில் கவுண்டரில் பிரிண்டர் சிக்கினாலும் அவள்தான், கேமரா ஓடவில்லை என்றாலும் அவள்தான். திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சென்னையில் ஏழு வருஷம் ஒரு டேட்டா சென்டரில் ஷிஃப்ட் பார்த்தவள். கணவன் நெடுமாறனுக்குச் செஞ்சி தாலுகா ஆபீசில் வேலை கிடைத்ததும் இங்கே வந்தாள். சென்னையில் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் கேட்கலாம். இங்கே கேட்க ஆள் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் இராமச்சந்திரனுக்குச் சொந்தம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் அவர் புதுக் கட்டடம் எழுப்பியதும் வளர்மதியின் வேலை இரண்டு மடங்கானது. பழைய கட்டடத்தில் ஏற்கெனவே ஒரு சர்வர் இருந்தது. பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஆனால் அதற்குள் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல மென்பொருளால் ஏற்பாடு செய்திருந்தாள். ஒன்று பதிவுக்கு, ஒன்று லேபுக்கு, ஒன்று எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து வைக்க என்று. இப்போது புதுக் கட்டடத்துக்கு இரண்டாவது சர்வர் வந்தது. இரண்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒன்றை நிறுத்தினால் அதிலிருப்பது மற்றதில் போய் ஓட வேண்டும். அதே நேரம் எக்ஸ்ரே, லேப், பில், கேமரா எல்லாம் வேறு வேறு வலையாகவே இருக்க வேண்டும். கேமரா பார்க்கும் வாட்ச்மேன் மேசையிலிருந்து நோயாளியின் ரிப்போர்ட் தெரியக் கூடாது.

இரண்டு கட்டடத்துக்கும் நடுவே கேபிள்காரர் இழுத்துக்கொடுத்த ஃபைபர் ஒன்றுதான். அவர் வைத்த பெட்டியோ ஒரே ஒரு வலையைத்தான் கடத்தும். நாலைந்தைப் பிரித்துக் கடத்தத் தெரியாது. பழைய முறையில் என்றால் பெட்டிகளை மாற்ற வேண்டும், சுவரைத் துளைத்து வயர் போட வேண்டும். அதற்குப் பதிலாக வலையையே மென்பொருளில் அமைத்துவிடலாம் என்று வளர்மதி படித்து வைத்திருந்தாள். எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசலாம் என்பதைத் திரையிலேயே வரைந்துவிட்டால் போதும். ஒரு சர்வரிலிருந்து போகும் தகவலை இன்னொரு உறையில் போட்டு அதே ஃபைபரில் அனுப்பும். அந்தப் பக்கம் உறையைப் பிரித்துச் சரியான வலையில் சேர்த்துவிடும். மூன்று வாரம் வீட்டு லேப்டாப்பில் செய்து பார்த்தாள். பிறகு ஓ.பி. இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து நாலரைக்கு முடித்தாள். எல்லாவற்றையும் பிங் போட்டுப் பார்த்தாள். பிங் என்றால் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கூப்பிட்டு, இருக்கியா என்று கேட்பது. எல்லாமே பதில் சொன்னது.

ஆஸ்பத்திரி நிர்வாகி விமல்ராஜ் எட்டிப் பார்த்தார்.

“முடிஞ்சுதா மேடம்?”

“முடிஞ்சுது சார். நாளைக்கு யாருக்கும் எதுவும் மாறின மாதிரியே தெரியாது.”

“அதான் வேணும்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

திங்கள் முதல் வியாழன் வரை அவள் சொன்னபடியே நடந்தது.

ஆஸ்பத்திரிக்கு அனந்தபுரத்தில் ஒரு கிளினிக் உண்டு. ஒரு டூட்டி டாக்டர், இரண்டு நர்ஸ், எக்ஸ்ரே எடுக்கும் பெரியதம்பி, அவ்வளவுதான். சுற்றுப்பக்கத்தில் கை கால் அடிபட்டவர்கள் முதலில் அங்கே வருவார்கள். பெரியதம்பி படம் எடுத்து அனுப்புவார். செஞ்சியில் டாக்டர் இராமச்சந்திரன் அதைத் திரையில் பார்த்துவிட்டு, கட்டுப் போட்டால் போதுமா, இங்கே வரச் சொல்ல வேண்டுமா என்று போனில் சொல்வார். செஞ்சியில் எடுக்கும் எக்ஸ்ரே ஃபிலிமாகவே அவர் கைக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரை நம்பி இருந்தது அனந்தபுரம் மட்டும்தான். அங்கிருந்து வரும் இணைப்பு பழைய கட்டடத்து சர்வரில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை அனந்தபுரத்திலிருந்து ஒரு படமும் வரவில்லை. சனிக்கிழமை காலை எல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தன. அடுத்த வெள்ளியும் அப்படியே.

விமல்ராஜ் பெரியதம்பிக்குப் போன் போட்டார். “நான் அனுப்பிக்கினுதான் சார் இருக்கறேன். பாதியில நிக்குது” என்றார் அவர். விமல்ராஜ் வளர்மதியின் அறைக்கு வந்தார். அறை என்றால் படிக்கட்டுக்கு அடியில் ஏசி போட்ட தடுப்பு.

“அனந்தபுரம் லைன் போயிடுச்சா மேடம்?”

அவள் அப்போதே அவர் கண்ணெதிரில் பிங் போட்டாள். பதில் வரிசையாக வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

“லைன் நல்லாதான் சார் இருக்குது. இதோ பாருங்க.”

“அப்ப ஏன் படம் வரல?”

காலையிலிருந்து பில் கவுண்டர் பிரிண்டரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தாள். அந்த எரிச்சலோடு சொன்னாள்:

“நெட்வொர்க்ல ஒண்ணுமில்ல சார். ஆளு அனுப்புலன்னா நான் இன்னா பண்றது?”

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை செஞ்சியில் சந்தை. பெரியதம்பி ஏழெட்டு ஆடு வளர்க்கிறவர். சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சந்தையில் கிடா விற்றுக்கொண்டு நின்றதை விமல்ராஜே பார்த்திருக்கிறார். காலையில் நோயாளிகளுக்குப் படம் எடுத்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விடுகிறார், மறுநாள் வந்து ஆற அமர அனுப்புகிறார் என்று கதை தானாகவே முடிந்துவிட்டது. படங்கள் சனிக்கிழமை காலையில் வருவதும் அதற்குப் பொருத்தமாக இருந்தது. விமல்ராஜ் மெமோ எழுதி அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் அனந்தபுரம் நர்சிலிருந்து செஞ்சி மெடிக்கல் ஷாப் பையன் வரை எல்லோரும் பெரியதம்பியின் ஆட்டைப் பற்றிப் பேசினார்கள்.

வளர்மதியும் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இல்லை. பிங் போனதைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மீனம்பாள் வந்தாள். மண்டகப்பட்டுக்காரி, ஐம்பத்தெட்டு வயது. கடலைக்கொல்லையில் களையெடுத்துவிட்டு வரப்பில் ஏறும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பில் வலி. மருமகள் ஆண்டாள் ஷேர் ஆட்டோவில் அனந்தபுரம் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள். பெரியதம்பி பத்து நாற்பதுக்குப் படம் எடுத்தார். அனுப்பினார். திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் ஓடி நின்றது. மறுபடி அனுப்பினார். நின்றது.

மெமோ வாங்கிய மனிதர் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ரே திரையைத் தன் செல்போனில் போட்டோ எடுத்து, டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுப் படத்தின் நடுவே வெள்ளையாக ஒரு திட்டு. டாக்டர் இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே நின்றபடி அதைப் பார்த்தார். “முறிவு எதுவும் தெரியல. வலி மாத்திரை குடுத்து அனுப்புங்க. திங்கக்கிழமையும் வலிச்சா இங்க வரச் சொல்லுங்க” என்றார்.

மீனம்பாள் நொண்டி நொண்டி நடந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது பதின்மூன்றுக்கு அசல் படம் செஞ்சிக்கு வந்தது. ஒன்பதரைக்கு டாக்டர் அதைத் திறந்தார். தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. எலும்பு விலகவில்லை. ஆனால் விரிசல் விட்ட எலும்பில் ஊன்றி நடந்துகொண்டிருந்தால் எப்போது வேண்டுமானாலும் விலகும். விலகினால் அந்த வயதில் மூட்டையே மாற்ற வேண்டி வரும்.

அவர் சத்தம் போட்டது எதிர்க் கட்டடம் வரை கேட்டது. “நேத்து எடுத்த படத்த இன்னிக்கு அனுப்புறாரா அந்த ஆளு? அந்தம்மாவ உடனே கூப்பிடுங்க!”

பதிவில் இருந்த நம்பர் மகனுடையது. அவன் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான், எடுக்கவில்லை. விமல்ராஜ் இரண்டு காரியம் செய்தார். அனந்தபுரம் கிளினிக்கைக் கூப்பிட்டு, யாராவது மண்டகப்பட்டுக்குப் போங்கள் என்றார். பெரியதம்பிக்கு, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், விசாரணை முடியட்டும் என்று செய்தி அனுப்பினார். இரண்டும் ஐந்து நிமிஷ இடைவெளியில் போய்ச் சேர்ந்தன. செய்தியைப் படித்துவிட்டு, மண்டகப்பட்டுக்குத் தன் பைக்கில் கிளம்பியவரும் பெரியதம்பிதான்.

எக்ஸ்ரே கம்ப்யூட்டரில் அந்தப் படம் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுத்தில் வேண்டும், விசாரணைக்கு என்று விமல்ராஜ் வளர்மதியிடம் கேட்டார். அவள் பதிவேட்டைத் திறந்தாள். கம்ப்யூட்டர் தன்னிடம் யார் எப்போது வந்தார்கள் என்று தானே எழுதி வைக்கும் பதிவு அது. கடைசி வரி 9.13, படம் வந்து சேர்ந்தது. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை 10.43. அனந்தபுரத்திலிருந்து அழைப்பு. வணக்கம் சொல்லி, வணக்கம் வாங்கி, பிறகு ஒன்றும் வராமல் அறுந்திருந்தது. 10.53, அதேதான். 11.03, அதேதான். அனுப்ப முடியாத படத்தை அனந்தபுரத்துக் கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாகத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அப்படி வெள்ளிக்கிழமை முழுக்க, சனிக்கிழமை காலை வரை வரிசையாக வரிகள் நின்றன. பெரியதம்பி பத்து நாற்பத்து மூன்றுக்கே அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குத் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு யோசிக்காமலே தெரிந்தது.

ஒவ்வொரு வியாழனும் மாலையில் அவள் பழைய சர்வரில் இருப்பதையெல்லாம் முழுசாக நகலெடுக்கப் போடுவாள். அது வெள்ளி முழுக்க ஓடும். அதற்கு இடைஞ்சல் இல்லாமல் எக்ஸ்ரே கம்ப்யூட்டரை மட்டும் புதுக் கட்டடத்து சர்வருக்கு மாற்றிவிடுவாள். சனிக்கிழமை காலை வந்ததும் முதல் வேலை அதைத் திருப்பிக் கொண்டுவருவது. மற்ற நாளெல்லாம் அனந்தபுரத்து இணைப்பும் எக்ஸ்ரே கம்ப்யூட்டரும் ஒரே சர்வருக்குள் பேசிக்கொண்டன. வெள்ளிக்கிழமை மட்டும் படம் உறைக்குள் ஏறி ரோட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

எக்ஸ்ரே கம்ப்யூட்டரை மறுபடி புது சர்வருக்கு மாற்றினாள். பிங் போட்டாள். போனது. இந்த முறை பிங்கின் அளவைக் கூட்டினாள். ஆயிரத்து நானூறு பைட். போனது. ஆயிரத்து ஐந்நூறு. ஒன்றும் திரும்பி வரவில்லை. இன்னொரு தரம் போட்டாள். வரவில்லை.

ஃபைபரில் ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு பைட் வரைதான் போகும். மேலே போடும் உறைக்கு ஐம்பது பைட் வேண்டும். ஆகவே உள்ளே வைக்கும் தகவல் ஆயிரத்து நானூற்று ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். சர்வர்கள் இரண்டுக்கும் அது தெரியும். அவற்றுக்குள் ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவை பழையபடி ஆயிரத்து ஐந்நூறாகவே கட்டி அனுப்பின. உறை போட்டதும் அது கொள்ளவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் கீழே போடப்பட்டது. வணக்கம் சின்னது, போய்விட்டது. பிங் சின்னது, அதுவும் போய்விட்டது. படம் பெரியது. டாக்டரின் திரையும் வெள்ளிக்கிழமைகளில் சுற்றிக்கொண்டுதான் நின்றிருக்கிறது; வராத படத்துக்காக நிற்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். வீட்டு லேப்டாப்பில் ஒத்திகை பார்த்தபோது அவள் எந்தப் படத்தையும் அனுப்பிப் பார்க்கவில்லை.

ஆயிரத்து ஐந்நூறு என்று இருந்த இரண்டு இடங்களில் ஆயிரத்து நானூற்று ஐம்பது என்று மாற்றினாள். வேலை மூன்று நிமிஷம்கூட இல்லை. பழைய எக்ஸ்ரே ஒன்றை அனுப்பிப் பார்த்தாள். பதினோரு விநாடியில் போய்ச் சேர்ந்தது.

பதினொன்றரை மணிக்கு விமல்ராஜின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இப்ப சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு சார்.”

“இனிமே வராதுல்ல?”

“வராது.”

“அப்ப விட்டுடுங்க மேடம்.”

“சார், பெரியதம்பி அண்ணன் மேல ஒண்ணுமே இல்ல. அவரு அனுப்பியிருக்காரு.”

“தெரியுது. விசாரணைன்னு ரெண்டு நாள் வெச்சி, எச்சரிக்கை குடுத்து திரும்ப எடுத்துக்குவோம். அவருக்கு இன்னா போச்சு? டாக்டர் இருக்குற கோவத்துல இப்பப் போய் நெட்வொர்க்குன்னு சொன்னீங்கன்னா உங்களயும் திட்டுவாரு, உங்க பேச்சக் கேட்டு மெமோ குடுத்த என்னயும் திட்டுவாரு. டென்ஷன் வேணாம்.”

அவள் படிக்கட்டடித் தடுப்புக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். விமல்ராஜ் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போகக் கால் வரவில்லை. சென்னையை விட்டு வரும்போது, அந்த ஊரில் உன் படிப்புக்கு என்ன வேலை இருக்கு என்று கேட்டவர்கள் உண்டு. இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வருஷம், இந்தப் பெண்ணுக்கு சர்வரெல்லாம் தெரியுமா என்று டாக்டரே கேட்டிருக்கிறார். இரண்டு வருஷமாகச் சேர்த்த பெயர். அனுப்பிய ஆள் பொய் சொல்கிறான் என்று தான் சொன்னதை நினைத்தபோதெல்லாம் காது சூடானது. அப்படிச் சொல்லவில்லை, ஆளு அனுப்புலன்னா என்றுதான் சொன்னேன் என்று தனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தாள். அது நிற்கவில்லை. டப்பாவில் கொண்டுவந்த எலுமிச்சஞ்சாதம் அப்படியே இருந்தது.

ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் வாசலில் வந்து நின்றது. மீனம்பாளை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். கூட ஆண்டாள் இறங்கினாள், பின்னால் பைக்கில் பெரியதம்பி. ஆண்டாள் ரிசப்ஷனில் நின்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“ரேஷன் கடை கியூல நின்னுக்கினு இருந்தாங்க எங்க அத்த. கையில குச்சி வெச்சிக்கினு. நான் வேணாம்னு சொன்னேன், கேக்கல. இவரு வண்டிய போட்டுட்டு ஓடியாந்தாரு. ‘ஒரு அடி எடுத்து வெக்காதம்மா, அப்படியே நில்லு’ன்னாரு. கடைக்காரரோட சேர புடுங்கியாந்து போட்டு உக்கார வெச்சாரு. வேன் வர்ற வரைக்கும் அவங்க கால அசைய வுடல.”

திரும்ப எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு விலகாமல் இருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன், திருகாணி மூன்று போட்டால் போதும் என்று டாக்டர் சொன்னதாக நர்ஸ் சொன்னாள். வளர்மதி அதைக் கேட்டுவிட்டு, பதிவேட்டில் இரண்டு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்கு நேராகப் போனாள்.

நின்றபடியே சொன்னாள். முதலில் தன் தப்பு என்ன என்பதை, பிறகு பெரியதம்பி எத்தனை மணிக்கு அனுப்பினார் என்பதை, கடைசியாகத் தான் விமல்ராஜிடம் சொன்ன வார்த்தையை. உறை, பைட் எல்லாம் இரண்டு வாக்கியத்தில் முடித்தாள். டாக்டர் பிரிண்டை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

“மூணு வாரமா?”

“ஆமா சார். மூணு வெள்ளிக்கிழம.”

“மத்த வெள்ளிக்கிழம யாருக்காவது இப்படி ஆச்சா?”

“எனக்குத் தெரியல சார். அந்த ரெண்டு நாள் படத்தோட பேரெல்லாம் எடுத்துக்கினு வந்திருக்கறேன். பதினேழு பேரு.”

அதைக் கேட்டபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. செய்து பார்க்காமல் ஆஸ்பத்திரியில் எதையும் மாற்றலாமா, இது என்ன விளையாட்டுச் சாமானா என்று திட்டினார். அவள் தலையைக் குனியவில்லை. திட்டி முடித்ததும் பதினேழு படத்தையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் அந்தந்தச் சனிக்கிழமையே அவர் பார்த்துச் சொன்னவைதான். விட்டுப்போனது எதுவும் இல்லை. கடைசிப் படத்தை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“அந்த வாட்ஸ்அப் போட்டோவில நடுவுல ஒண்ணுமே தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கணும். முறிவு இல்லன்னு சொல்லிட்டேன்” என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு விமல்ராஜைக் கூப்பிட்டு, மெமோவும் விசாரணையும் ரத்து என்று எழுத்தில் கொடுக்கச் சொன்னார். வாயால் சொன்னால் போதாதா என்று விமல்ராஜ் இழுத்தார். “மெமோவ வாயாலயா குடுத்தீங்க?” என்றார் டாக்டர்.

பெரியதம்பி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வளர்மதி அவரை அதற்கு முன் இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணே, நான் வளர்மதி. கம்ப்யூட்டர் பாக்குறவ.”

“தெரியும்மா.”

“படம் நின்னது என்னாலதாண்ணே. நான் செட் பண்ணதுல தப்பு. நீங்க அனுப்புனது எல்லாம் இங்க பதிவாயிருக்குது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். மெமோவ வாபஸ் வாங்கச் சொல்லிட்டாரு.”

அவர் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“மூணு வாரமா சொல்லிக்கினு இருக்கறேன், பாதியில நிக்குது, பாதியில நிக்குதுன்னு. அனந்தபுரம் இன்னா அமெரிக்காவுலயா இருக்குது? பஸ் ஏறுனா அர மணி நேரம். ஒருவாட்டி வந்து அந்த ஸ்க்ரீன பாத்திருந்தா உனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

“வந்திருக்கணும்ணே.”

“ஆட்டுச் சந்தைக்குப் போறேன்னு கட்டி வுட்டாங்களே, அது என் வூட்டுக்கு வந்துடுச்சு. ‘வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு எந்த ஆட்ட வித்த, பணம் எங்க’ன்னு என் பொண்டாட்டி கேக்குறா. ஆடு எட்டும் கொட்டாயில கட்டிக் கெடக்குது. எண்ணிப் பாத்துக்கோடின்னு சொல்றேன், எண்ணிப் பாத்துட்டும் நம்ப மாட்டேங்கறா.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. அவளும் அடக்கிக்கொண்டாள்.

“நான் வந்து அண்ணிகிட்ட சொல்லட்டாண்ணே?”

“வேணாம் வேணாம். யாரு இந்தப் பொம்பளன்னு அது வேற ஆரம்பிக்கும்” என்று சொல்லி எழுந்து, பைக் சாவியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவள் பஸ் பிடித்து அனந்தபுரம் போனாள். வியாழன் மாலையே வழக்கம்போல எக்ஸ்ரே கம்ப்யூட்டரைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தாள். கிளினிக்கில் பெரியதம்பி ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் மணிக்கட்டைத் தகட்டின் மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வளர்மதியைப் பார்த்து, “உக்காரு” என்றார். படத்தை அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். கோடு கடைசி வரை ஓடியது. செஞ்சியில் டாக்டர் ஏழு நிமிஷத்தில் போன் செய்து, கட்டுப் போதும் என்றார்.

“அடுத்து யாரு, உள்ள வாங்க” என்று பெரியதம்பி கதவைப் பார்த்துக் கூப்பிட்டார். அவள் மதியம் வரை அங்கேயே இருந்தாள். ஒன்பது படம் போனது. கிளம்பும்போது தன் செல் நம்பரை ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எது நின்றாலும் பெரியதம்பி விமல்ராஜைக் கூப்பிடுவதில்லை, அவளைத்தான் கூப்பிட்டார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. “நிக்குது, பாரு” என்பார். அவள் பார்ப்பாள்.

மீனம்பாளை ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் வளர்மதி வார்டுக்குப் போனாள். வாரம் முழுக்க அந்தக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாளே தவிர உள்ளே நுழையவில்லை. ஆண்டாள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மீனம்பாள் மட்டும் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளர்மதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். அன்றைக்கே படம் வந்திருந்தால் அன்றைக்கே உங்களைப் படுக்க வைத்திருப்பார்கள், அந்த விரிசலோடு நீங்கள் பஸ் ஏறி, ரேஷன் கடையில் நின்று, ஒரு நாள் முழுக்க நடந்ததற்கு என் வேலையில் நடந்த தப்புதான் காரணம் என்று.

மீனம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ இன்னா, டாக்டரா?”

“இல்லம்மா. இங்க இருக்குற கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசுற மாதிரி இணைச்சு வெக்கிறது என் வேல.”

“அது பேசலியா?”

“பேசுச்சும்மா. பெரிய சேதி மட்டும் போகல. நான் கவனிக்கல.”

“அந்தக் கருப்பா உயரமா ஒருத்தரு வந்து என்ன சேர்ல உக்கார வெச்சாரே, அவரு மேலதான் பழின்னு இங்க நர்சம்மாங்க பேசிக்கினாங்க.”

“ஆமா. அவரு மேல ஒண்ணும் இல்ல. அவருகிட்டயும் சொல்லிட்டேன்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“திட்டுனாரு.”

“திட்டட்டும். நல்லா திட்டட்டும். எனக்கு திட்டறதுக்குத் தெம்பில்ல.” மீனம்பாள் கையை ஊன்றி நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. “என் கடலைக்கொல்ல பாதி களையோட கெடக்குது. ஆறு வாரம் கால ஊனக் கூடாதுன்றாரு டாக்டர். சரி வுடு. ராத்திரி பூரா தட்டையா படுத்து முதுகு கல்லாயிடுச்சு. இந்தத் தலமாட்ட கொஞ்சம் தூக்கி வுடும்மா.”

வளர்மதி குனிந்து கட்டிலின் கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றினாள். அது இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சுற்ற, தலைப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

“போதுமாம்மா?”

“இன்னும் ஒரு சுத்து” என்றாள் மீனம்பாள்.